பன்றி என்று குறிக்கப்பட்டவர்

மரக்கடை முதலாளி ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் காட்டுப் பன்றியானார். அதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மனைவியோ மருத்துவரோ அல்ல. விலங்குகளின் உடல் சூட்டைப் படம் பிடிப்பதற்காகக் காட்டின் மேல் பறந்துகொண்டிருந்த ஆளில்லாக் குட்டி விமானம். காட்டோரத்து மாடி வீட்டில், படுக்கையறைக் கட்டிலின் இடது பக்கம் வளர்ந்த ஆண் பன்றி ஒன்றும், வலது பக்கம் ஒரு பெண்மணியும் படுத்திருப்பதாக அது பதிவு செய்தது. கூரையைத் தாண்டி எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. வனவிலங்கு அலுவலகம் அந்த வருஷத்துக் கணக்கில் ஒரு பன்றியைக் கூட்டிக்கொண்டதோடு சரி.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. அந்தக் காட்டு மரங்களில் சின்னச் சின்னக் கேமராக்களைக் கட்டியிருந்தார்கள். சூடான உடம்பு எது குறுக்கே போனாலும் கேமரா கண் விழித்து ஒரு படம் எடுக்கும். படம் செயற்கைக்கோள் வழியாக அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே வேலைக்கு இருந்தவர்கள் கொஞ்சம், வந்து குவிந்த படங்களோ மலை போல. ஆகவே ஊரில் விருப்பப்பட்டவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே படங்களைப் பார்த்து மான், கரடி, பன்றி, மனிதன், ஒன்றுமில்லை என்று குறித்துக் கொடுத்தார்கள். முடிதிருத்துகிறவர் ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் குறித்தார். பல் மருத்துவர் ஊசி போட்டு ஈறு மரத்துப் போகிற நேரத்தில் குறித்தார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதுவே முழுநேரத் தொழில். ஒரே படம் பல பேருக்குப் போகும். பெரும்பாலோர் எதைச் சொல்கிறார்களோ அதுதான் அது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இன்னொரு விதியும் இருந்தது. யாருடைய அந்தரங்கமும் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, மனிதன் என்று குறித்த படத்தை அலுவலகம் உடனே அழித்துவிடும். இதனால் காட்டுக்குள் ஒதுங்கிய காதலர்கள் பிழைத்தார்கள். அவர்களைவிட நன்றாக மரக்கடை முதலாளி பிழைத்தார். திருட்டு மரம் ஏற்றிய லாரி கேமராவைக் கடக்கும்போதெல்லாம் அதன் முன்னால் ஓர் ஆளை நிறுத்திவிடுவார். ஆள் இருந்தால் படம் போச்சு, படத்தோடு லாரியும் போச்சு. அந்த ஆட்கள் கேமராவுக்கு முன் நின்று சாவகாசமாகத் தலை சீவிக்கொள்வார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரியின் கணவர். கேமராக்களைக் கட்டுவதும் பேட்டரி மாற்றுவதும் அவர் சம்பளமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த வேலை. லாரியின் நம்பர் பலகை மட்டும் விழும்படி, ஆள் உருவம் விழாதபடி, ஒரு மரத்தின் அடியில் தாழ்வாகக் கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் குண்டு பாய்ந்து செத்தார். நட்ட நடுப்பகல். சுட்ட முதலாளி கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காட்டுப் பன்றின்னு நினைச்சுட்டேங்க ஐயா. குனிஞ்சு வேற இருந்தாரு. பார்த்தா எனக்குப் பன்றி மாதிரிதான் தெரிஞ்சுது."

நீதிபதி நம்பினார், அல்லது நம்பியதாக எழுதினார். முதலாளி சாப்பாட்டு வேளைக்குள் வீடு திரும்பிவிட்டார்.

மருந்துக்கடைக்காரி தெருவில் விழுந்து அழவில்லை. கணவரின் இடத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டு, கடைக் கல்லாவுக்குப் பின்னால் அவருடைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். சில வாரங்களில் அந்தப் படம் வந்தது. கணவர் விழுந்த அதே மரத்தடியில், தோளில் துப்பாக்கியோடு முதலாளி நின்றுகொண்டிருந்தார். பல் தெரிந்தது. மனிதன் என்று குறித்தால் படம் அழிந்துவிடும், இவனும் அழியாத சிரிப்போடு வீட்டுக்குப் போய்விடுவான். பன்றி என்று குறித்தாள். திட்டம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்தான். அதே படம் முடிதிருத்துகிறவருக்கும் பல் மருத்துவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் இன்னும் பலருக்கும் போயிற்று. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. எல்லோரும் பன்றி என்றே குறித்தார்கள். நல்ல ஆரோக்கியமான விலங்கு என்று அலுவலகம் நன்றி தெரிவித்து எழுதியது.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கேமராவைக் கடந்தாலும் பன்றிதான். பின்னங்கால்களில் நடக்கும் அபூர்வப் பழக்கம் கொண்டது என்று அலுவலகம் குறிப்பு எழுதியது. மழை பிடித்ததும் மற்றவையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. வாசலில் புதிதாகப் போட்ட சிமெண்டில் அவர் நடந்தால் குளம்புத் தடம் விழுந்தது. அவர் சோறு போட்டு வளர்த்த நாய்கள் அவரையே சுற்றி வளைத்துக் குரைத்தன. வங்கியில் அவருடைய கைரேகையை இயந்திரம் துப்பிவிட்டது. முடிதிருத்துகிறவர், "விலங்குக்கு வெட்டுறதில்லைங்க, கத்தி கெட்டுடும்" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

முதலாளி கோர்ட்டுக்கு ஓடினார். அதே அறை, அதே நீதிபதி. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்த்தால் மனிதர் மாதிரிதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தோற்றத்தை நம்பி ஆளை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த மனுதாரரே இங்கே நின்று விளக்கியிருக்கிறார், ஆகவே அலுவலகக் கணக்கே செல்லும் என்று தீர்ப்பு எழுதினார். மறுநாள் அலுவலகத்தார் வந்து, வலிக்காமல் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை மாட்டி, அவரைக் காட்டுக்குள் பத்திரமாக விட்டார்கள். அவர் இருக்கிற இடம் ஒரு சிவப்புப் புள்ளியாக எல்லோருடைய திரையிலும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரி மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போதுகூட ஒரு கண்ணை அதன் மேல் வைத்திருந்தாள்.

முதலாளியின் மனைவி விடவில்லை. ஒவ்வொரு வீடாகப் படியேறிக் கெஞ்சினாள். பல் மருத்துவர் இளகினார். ஸ்டேஷன் மாஸ்டர் இளகினார். பாதிப் பேர் மனிதன் என்று குறித்துவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளும் தன் பெயரைப் பதிந்துகொண்டாள். அடுத்து வந்த படத்தில் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரி ஒருத்திதான் பாக்கி. மனைவி கடைக்கு வந்து, கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், அவள் பக்கத்திலேயே நின்றாள். திரையில் சேறு பூசிய முகம் ஒன்று கேமராவையே பார்த்தது.

"நீங்க ஒருத்தர் சொன்னா போதும்க்கா. அவர் வீட்டுக்கு வந்துடுவாரு."

"என் வீட்டுக்காரர் வருவாரா?"

மனைவி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"அழுவுறாரு, பாருங்கக்கா. கண்ணுல தண்ணி."

மருந்துக்கடைக்காரி குனிந்து நன்றாகவே பார்த்தாள்.

"பன்றிக்கும் கண்ணுல தண்ணி வரும்மா."

குறித்தாள். அவள் வருத்தப்பட்டாள் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள்; இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். கணவர் போன பிறகு அன்றைக்குத்தான் மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள், தூங்கினாள், விடிந்து வெகுநேரம் கழித்துக் கடையைத் திறந்தாள்.

இளகியவர்கள் நாளடைவில் அலுத்துப்போனார்கள். மனைவி மட்டும் வருஷக்கணக்கில் ஒவ்வொரு படத்திலும் மனிதன் என்றே குறித்து, ஒவ்வொரு முறையும் தோற்றாள். உங்கள் கணிப்பு பெரும்பாலும் தவறாக இருக்கிறது, விலங்குகளை அடையாளம் காணப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகம் பணிவாக எழுதியது. அவள் அசரவில்லை. காட்டோரத்தில் போய் சட்டையும் வேட்டியும் வைத்துவிட்டு வருவாள்.

அப்புறம் ஒரு கோடையில் அந்தப் படம் வந்தது. வற்றிய குட்டையில் அவர் மல்லாந்து புரண்டுகொண்டிருந்தார். வீட்டில் இருந்த காலத்தைவிடச் சதை போட்டிருந்தார். அவரை ஒட்டி ஒரு பெண் பன்றி, அதன் வயிற்றோரம் வரிவரியாகக் குட்டிகள்.

மனைவி மருந்துக்கடைக்காரிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பார்த்தீங்களா?"

"இப்பதான் பார்த்தேன்."

போனை வைக்காமலே மனைவி படத்தைப் பெரிதாக்கிக் குட்டிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பன்றி என்று குறித்தாள். குட்டிகள் எத்தனை என்று கேட்டிருந்த கட்டத்தில் மறுபடி எண்ணிப் பார்த்து, ஆறு என்று எழுதினாள்.