யூலோ தின்ற கடைசித் துணுக்கு

பின்லாந்தை ஒட்டிய ஓலந்துத் தீவின் துடுப்புப் போட்டியில் வடதேசத்து நோர்டிக்காரர்கள் மட்டுமே இறங்கலாம் என்பது படகுச் சங்கத்தின் விதி. எஸ்தோனியாவிலிருந்து வந்து குடியேறிய யூலோ, வருஷா வருஷம் கரையில் நின்று கைதட்டி உள்ளங்கை தேய்ந்தவன். இந்தத் தடவை படகில் ஏறியே தீருவது என்று சங்கக் கூடத்துக்கு வந்துவிட்டான்.

நோர்டிக் என்றால் யார்? அங்கேதான் வம்பு.

"நாட்டுக் கொடியில சிலுவை இருக்கணும்," என்றார் தலைவர் தோர்னி, தீவுக்காரர்.

"அப்ப சுவிட்சர்லாந்துக்காரனையும் கூப்பிடு," என்றாள் ஐஸ்லாந்துக்காரி ஹல்பேரா. "ரெண்டு குச்சிய ஊனி நடந்தாலும் நோர்டிக் நடைன்னுதான் பேரு. அதை ஜப்பான்லகூட நடக்கறாங்க."

பின்லாந்துக்காரர் தாய்ஸ்தோ நெடுநேரம் யோசித்தார். "சவுனாவுல, அந்தக் கொதிக்கிற ஆவி அறையில, உட்காரத் தெரியணும்."

"நான் பொறந்ததே சவுனாவுலதான்," என்றான் யூலோ.

"அதான் பாதி வெந்த மாதிரி இருக்கே," என்றார் தாய்ஸ்தோ.

முடிவு எட்டாததால் காப்பி வந்தது. பேச்சு நடக்க நடக்க ஏலக்காய் பன்கள் தீர்ந்து, தட்டில் ஒன்று மிஞ்சியது. கடைசியை எடுக்கிறவன் பேராசைக்காரன் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தட்டு காலியாகாமல் எழுந்திருப்பதும் மரியாதையில்லை. தோர்னி பாதியை வெட்டிக்கொண்டு மீதியை விட்டார். ஹல்பேரா அதில் பாதி. தாய்ஸ்தோ அதிலும் பாதி. யூலோவும் ஒழுங்காகப் பாதியே எடுத்தான். இப்படியே சுற்றிச் சுற்றி வந்ததில் கத்தி உதவாமல் சவர பிளேடு வந்தது. துணுக்கு பறந்துவிடுமென்று ஜன்னலைச் சாத்தினார்கள். போன வருஷத்து மிச்சம் அலமாரியில் இருந்தது. அதில் ஈகூடப் பாதிதான் தின்றிருந்தது.

வெளியே படகுகள் காத்துக்கிடந்தன. மறுபடி யூலோவின் முறை. வழக்கப்படி பாதியை வெட்டினால் அவன் நோர்டிக்தான், மறுபேச்சில்லை. ஆனால் இன்னொரு சுற்று ஓடும், போட்டியும் போகும். விரலை நக்கித் துணுக்கை ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

போச்சு, இந்த வருஷமும் கைதட்டல்தான் என்று நினைத்தான்.

"சத்தியமா இவன் நோர்டிக் இல்லே," என்றாள் ஹல்பேரா.

"இல்லேதான்," என்றபடி தோர்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இவன் அதைத் தின்னலேன்னா நம்மள்ல யாரு எழுந்திருக்கப் போறோம்? அப்பனே, ஒரு துடுப்பை எடு."

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் போட்டி குறித்த நேரத்துக்கு ஆரம்பமாயிற்று.