கேக் வெட்டி முடியும்வரை

...போதாக்குறைக்கு அந்த அன்னம் வேறு வியர்க்கத் தொடங்கிவிட்டது. முலாம்பழத்தில் செதுக்கிய அன்னம், மிளகுக் கண், கரட் மூக்கு, அந்த மூக்கின் நுனியிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக வடிந்து கீழே அடுக்கியிருந்த பட்டீஸ்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது, எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை, கோட் போட்ட ஒரு அங்கிள் வந்து நனைந்த பட்டீஸையே தேடி எடுத்து, பக்கத்தில் பொங்கி வழிந்த சாக்லேட் ஊற்றுக்குள் தோய்த்து, வாயில் போட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு இன்னொன்று எடுத்தார். அனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மரக்கறிப் பட்டீஸும் சாக்லேட்டும்... இதற்கா மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்? கிரெய்கிபர்ன் என்ற புறநகரில், நெடுஞ்சாலையோரம், பக்கத்தில் டயர்க்கடை, எதிரே மெத்தைக்கடை, நடுவே ரோமாபுரித் தூண்கள் வைத்த இந்த ஹோல், உள்ளே சித்தியின் மகள் ராகவிக்குச் சாமத்தியவீடு, பிள்ளை பெரியபிள்ளையாகி ஒரு வருசத்துக்கு மேலாகிறது, ஹோல் கிடைத்தது இன்றைக்குத்தான். வாசலில் புகை மெசின் இருமிக்கொண்டிருந்தது. பல்லக்கு வெளியே வெயிலில் நின்றது, அதைத் தூக்கவேண்டிய நான்கு பொடியன்களும் கறுப்புக் கண்ணாடியோடு அதில் சாய்ந்து நின்று செல்பி எடுத்தார்கள். அனுஷனின் குர்தா இடப்பக்கம் மட்டும் கனத்துத் தொங்கியது, அந்தப் பொக்கெற்றுக்குள் அம்மாவின் போன், அதற்குள் பெரியமாமாவின் சாவு... அது அடிக்கடி நடுங்கியது, ஒவ்வொரு நடுக்கமும் யாரோ ஒருவரின் ஆழ்ந்த அனுதாபம், அவன் தொடையில் வந்து முட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியாது. கொக்குவிலில் நேற்றிரவு செத்துப்போனது அந்த இரண்டு பெண்களுக்கும் கூடப்பிறந்த ஒரே அண்ணன், பெயர் அருந்தவராசா, தெரிந்தவர்கள் யார் என்றால் சித்தப்பா விக்னராஜாவும் அனுஷனும், பிறகு வட்ஸப் வைத்திருக்கிற உலகத் தமிழினம் முழுவதும். காலையில் கிளேட்டனிலிருந்து வந்து இறங்கியதுமே சித்தப்பா அவனைக் கையில் பிடித்து ஹோலின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளருகே கூட்டிப்போனார், நேற்றைய கலியாணத்தின் மிச்சம் தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது, இறால் கோதுகள், அதில் ஈக்கள், அந்த நாற்றத்துக்குள் நின்றுதான் சித்தப்பா ரகசியம் சொன்னார். விடியக் கோல் வந்ததாம், ஹார்ட் அற்றாக்காம், அக்காவுக்கும் தங்கச்சிக்கும் தெரிந்தால் துடக்கு, சாவுத் தீட்டு, துடக்கென்றால் ஆராத்தி இல்லை, ஆராத்தி இல்லையென்றால் எல்லாம் படுத்துவிடும், சிட்னியிலிருந்தெல்லாம் சனம் வந்திருக்கு... ஆனால் காதில் விழுந்தால்தானே துடக்கு, விழும்வரைக்கும் துடக்கில்லை, சாத்திரம் அப்படித்தான் சொல்லுது, ஐயரையும் கேட்டாச்சு. அவர் ஒன்றுக்கும் வெட்கப்படவில்லை. சித்தியின் போனை ஏற்கெனவே எடுத்துத் தன் காரின் டாஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டாராம், அம்மாவினுடையதைப் படம் எடுக்கவென்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது அனுஷனின் பொறுப்பு. செத்தவீடு எப்போது என்று இவன் கேட்டான். இன்றைக்கே என்றார், நாளைக்கு நாள் கூடாதாம், அடுத்த நல்ல நாள் வரைக்கும் வைத்திருக்க அங்கே விருப்பம்தானாம், தங்கச்சிமார் வருவார்களா என்றும் கேட்டார்களாம்... நான்தான் சொன்னன், எங்களுக்காகப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம் எடுங்கோவெண்டு. இதைச் சொல்லும்போது சித்தப்பா டையைச் சரிசெய்தார், ரோஜா நிற டை, ராகவியின் சேலைக்குப் பொருத்தமாக எடுத்தது.

"கேக் வெட்டி முடியட்டும் தம்பி, பிறகு ஆறுதலாச் சொல்லுவம். நீதானே கிறிஸ்மஸுக்கு ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வச்சனி, செத்தவைக்கு ஒரு நோவும் இல்லை, உயிரோட இருக்கிறவையின்ர நிம்மதிதான் பெரிசெண்டு. அவன்ர பேரென்ன, அந்தக் கிரேக்கன்?"

"எபிகியூரஸ்."

"ஓம், அவன்தான்."

பெயரைச் சரியாக எடுத்துக் கொடுத்ததுதான் அனுஷன் காட்டிய ஒரே எதிர்ப்பு. கிறிஸ்மஸ்... ஆமாம், வைத்தான், யார் இல்லையென்றது, சித்தி வீட்டுப் பின்வளவில் பாபக்கியூ புகைக்கு நடுவே, ஒரு பருவம் மட்டும் எடுத்த தத்துவ வகுப்பின் பலத்தில், அக்கவுண்டிங் படிக்கிற பிள்ளைக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சிரிக்கச் சிரிக்க வைத்தான். அப்போது சித்தப்பா இறைச்சியைப் புரட்டிக்கொண்டே, அது நல்லாச் சாப்பிடுற ஆக்களின்ர சமயமெல்லோ, சிட்டியில அந்தப் பேரில ஒரு ரெஸ்டோரன்ட் இருக்கு என்றார், அதுதான் இவனுக்குச் சூடேற்றியது, இல்லை சித்தப்பா, எல்லாரும் விடுற பிழை அதுதான், அந்த மனுசன் தின்றது பாணும் தண்ணியும், சிநேகிதன் ஒரு துண்டு சீஸ் அனுப்பினால் அது அவருக்குப் பெருவிருந்து, ஏதென்சில் ஒரு தோட்டம் வாங்கி ஆண் பெண் அடிமை என்று பாராமல் சேர்த்துவைத்துக்கொண்டு இருந்தவர், இன்பம் என்று அவர் சொன்னது உடம்பில் நோவும் மனதில் கலக்கமும் இல்லாத இருப்பை, அவ்வளவுதான், கடவுளுக்கு எங்களைப் பார்க்க நேரமில்லை, சாவு வரும்போது நாங்கள் இருக்கமாட்டோம், பிறகென்ன பயம்... என்று அளந்துகொண்டே போனான். அம்மா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்ப என்னை மாதிரித்தான் அந்தாளும், பாணோட காலத்தைத் தள்ளியிருக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டிருந்திருக்கிறார், இப்போது விளங்குகிறது, வணிகர், எது எப்போது உதவும் என்று தெரிந்தவர். இரண்டாயிரத்து முந்நூறு வருசமாகப் பாதிரிமாரும் மற்ற ஞானிகளும் அந்தத் தத்துவத்தைச் சேற்றில் போட்டுப் புரட்டியிருக்கிறார்கள், ஆனால் அதை இறால் கோதுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சாமத்தியவீட்டுக்கு வேலைக்கு எடுத்தவர் கிரெய்கிபர்ன் விக்னராஜா ஒருவராகத்தான் இருக்கும்.

டொய்லெட்டில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். அங்கேயும் ஒருவகை மல்லிகை வாசனை, யாரோ அடித்துவிட்டுப்போன ஸ்ப்ரே, அதற்கடியில் உண்மையான வாசனை, இரண்டும் கலந்து மல்லிகையின் மேலேயே வெறுப்பு வரும்படி... அம்மாவின் போனைத் திறந்தான், திறக்கிற இலக்கம் அவன் பிறந்த வருசம், அதுவும் ஒரு மாதிரித்தான் இருந்தது. செத்தவீட்டு நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கொக்குவிலில் வெயில், பந்தல், வாசலில் பூவால் எழுதிய பெயர், கமெரா மேலிருந்து மெதுவாக இறங்கி வீட்டைச் சுற்றிப் பறந்தது, இங்கேயும் வெளியே ஒரு ட்ரோன் ஹோலைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே கோணம், ஒரே அவசரமின்மை, பாட்டை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியவராது. பிறகு பெட்டி. மாமாவின் முகம். அனுஷன் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது, அம்மாவும்தான், ஏனென்றால் மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோக் கோல் எடுப்பார், எடுத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொள்வார், திரை முழுக்க ஒரு காது, நரைமயிர் முளைத்த ஒரு காது, அண்ணை முகத்தைக் காட்டுங்கோ என்று அம்மா குசினியிலிருந்து கத்துவாள், காட்டுறன் காட்டுறன் என்று காது சொல்லும், ஒரு நொடி நெற்றி தெரியும், பிறகு மறுபடி காது. அம்மா அந்தக் காதோடுதான் வாரக்கணக்காய், வருசக்கணக்காய்த் தன் எல்லாக் கதையும் கதைத்தாள். இப்போது முகம் அசையாமல், நல்ல வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோல் கிடக்கிறது, பெட்டி மூடும்வரைக்கும். அதற்குப் பிறகு இல்லை. வீடியோ மிஞ்சும், ஓம், நாளைக்குப் போட்டுக் காட்டலாம், சித்தப்பா அதையும் யோசித்து வைத்திருப்பார், ஆனால் இருக்கிறவரைப் பார்ப்பதும் இருந்தவரைப் பார்ப்பதும் ஒன்றா? ஒன்றுதான் என்று கிறிஸ்மஸுக்குச் சொன்னவன் யார்? கதவைத் தட்டினார்கள். தம்பி, பிள்ளைக்கு வயித்தாலை போகுதோ என்று வெளியே ஒரு குரல் அன்போடு கேட்டது.

வெளியே வந்தபோது புகைக்குள்ளிருந்து பல்லக்கு வந்தது. உள்ளே ராகவி, தலையில் எத்தனையோ கிலோ முடி, அவளுடையதில்லை, முகத்தில் வேறொருத்தியின் முகம், அனுஷனைக் கடக்கும்போது உதட்டை அசைக்காமல், ஸோ க்ரிஞ்ச் அண்ணா, கில் மீ, என்றாள். படப்பிடிப்பாளர் சேகர் கத்தினார், அவர்தான் இங்கே ஐயருக்கும் மேல், ஆராத்தி எடுக்கிற அன்ரிமார் இன்னொருக்காச் சுத்துங்கோ, சிரிச்சுக்கொண்டு சுத்துங்கோ, பெரியம்மா நீங்கள் நடுவில வாங்கோ. பெரியம்மா என்றது அம்மாவை. அம்மா நடுவில் வந்தாள். மயில்நீலச் சேலை, தட்டில் மூன்று திரி, அண்ணன் செத்து ஒரு இரவும் ஒரு பகலும் ஆகாத பெண் தட்டைச் சுற்றினாள், சேகர் சொன்னதற்காக இன்னொருமுறையும் சுற்றினாள், கைதட்டினார்கள். சனம் முழுக்கத் தெரியும்... அனுஷன் மேசை மேசையாகப் பார்த்தான், அந்த அன்ரிக்குத் தெரியும், அவர் மனிசனுக்குத் தெரியும், அவர்கள் அம்மாவைப் பார்க்கிற பார்வையில் ஒரு பரிவு, அந்தப் பரிவோடு வடையைக் கடித்தார்கள். மறைக்கிறவனுக்கு நிம்மதி கிடையாது என்று அந்தக் கிரேக்கர் சொன்னதை அவன் நினைத்துக்கொண்டான், செய்த பிழையில் பெரிதாக ஒன்றும் இல்லையாம், என்றைக்கோ ஒருநாள் பிடிபடுவோமே என்ற பயம்தான் தண்டனையாம். பாவம், எங்கள் சனத்தை அவருக்குத் தெரியாது. இங்கே யார் பிடிப்பார்கள்? நாளைக்கு எல்லோரும் வந்து, நல்லகாலம் சொல்லாமல் விட்டியள், பிள்ளையின்ர காரியம் குறையில்லாமல் முடிஞ்சுது என்பார்கள், அம்மாவே அழுது முடித்து அதைத்தான் சொல்வாள், சொல்லக்கூடியவள். பயமே இல்லாத பிழை. அதற்கு அந்தத் தோட்டத்தில் மருந்து இருந்ததா?

பொக்கெற் மறுபடி நடுங்கியது. எடுத்துப் பார்த்தான், மாமி வீட்டுப் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள், மிருணாளினியக்கா, வாய்க்கரிசி போடத் தொடங்கீட்டினம், முகம் பாக்கிறதெண்டால் இப்ப எடுங்கோ, நான் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறன்... அக்கா என்று அவள் கூப்பிட்டது அம்மாவை, பதிலுக்குக் காத்திருப்பதும் அம்மாவுக்காக. சரி. போதும். அவன் புறப்பட்டான், சித்தப்பா தூரத்திலிருந்து பார்த்தார், அவர் புருவம் ஒரு கேள்வியாக உயர்ந்தது, உயரட்டும், கேக்கும் வேண்டாம் கீக்கும் வேண்டாம், அம்மாவைக் கையில் பிடித்து வெளியே டயர்க்கடைப் பக்கம் கூட்டிப்போய்ப் போனைக் கையில் கொடுத்துவிடுவது, சொல் ஒன்றும் தேவையில்லை, முகம் சொல்லும். மேசைகளுக்கிடையில் வளைந்து வளைந்து போனான். அம்மா அவனுக்கு முன்பே அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள், கையில் தட்டு, மயில்நீலத்தில் ஒரு மஞ்சள் கறை, காலையில் இருந்து ஒண்டும் தின்னேல்லை நீ, சித்தப்பா சொன்னவர், இரு இதில என்று அருகிலிருந்த கதிரையில் அமர்த்திவிட்டுத் தானும் அமர்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறவள், இப்படிக் காலை நீட்டி இருந்து அனுஷன் பார்த்து எவ்வளவு காலம்.

"அம்மா, ஒருக்கா வெளியால வாங்கோ."

"பொறு, கால் உளையுது. உனக்கொண்டு தெரியுமே அனுஷன், இண்டைக்கு முழுக்க எனக்கு ஒரு யோசினையும் வரேல்லை. போன் இல்லாததாலயோ தெரியாது. நீ அண்டைக்குச் சொன்ன மாதிரி, சும்மா... நல்லா இருக்கு."

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் அம்மா ஒரு பிடி சோற்றை வைத்தாள், கத்தரிக்காயும் பருப்பும் குழைத்த சோறு, மண்டபத்துக்கே நடுவில், இருபத்தொரு வயதுப் பொடியனுக்கு, சேகர் எங்கிருந்தோ அதைப் படம் பிடித்தார். துப்பிவிடலாம் போலிருந்தது. அங்கே இதே நேரம் வரிசையில் நிற்கிற பெண்கள், வெள்ளைச் சேலைகள், கையில் ஒரு நுள்ளு அரிசி... அவன் மென்றான். பசித்திருக்கிறது, தெரியாமலே பசித்திருக்கிறது, கத்தரிக்காயில் பொரித்த வாசம், உறைப்பு அளவு, உடம்பு முழுக்க ஒரு இறுக்கம் கழன்றது, நோவு போன இடத்தில் நிற்கிறதுதான் இன்பம், அதற்கு மேல் இன்பமில்லை, வகுப்பில் எழுதியது, எழுதும்போது விளங்கவில்லை. ருசியாக இருந்தது. அதுதான் அருவருப்பு, பட்டீஸ் சாக்லேட் எல்லாம் ஒன்றுமில்லை, இது ருசியாக இருந்தது. பொக்கெற்றுக்குள் போன் நீளமாக நடுங்கியது, இது அனுதாபமில்லை, யாரோ கோல் எடுக்கிறார்கள், பெட்டி இன்னும் மூடியிருக்காது, வாய்க்கரிசி போட அங்கே நிறையப் பேர், ஊரே திரண்டிருக்கும், வரிசை நீளமாகத்தான் இருக்கும்... இதை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். அம்மா அடுத்த பிடியை உருட்டிக்கொண்டு, இன்னொரு வாய்? என்று கேட்டாள், அவன் தலை தானாக ஆடியது, ஓம் என்று.