பதினொரு மணிக் காய்ச்சல்

ஊரடங்கு என்று அறிவித்த அன்றைக்கே எங்கள் கேட்டின் முன்னால் அப்பா அம்மாக்கள் கூடிவிட்டார்கள். கூடக்கூடாது என்பதுதான் அறிவிப்பே. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்களிடம் சட்டம் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

பதினாறு வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஒரு கூடம், தூங்குவதற்கு ஓர் அறை, பின்னால் சமையற்கட்டு, முன்னால் நான்கு சைக்கிள் நிறுத்துகிற அளவுக்கு முற்றம். பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. என்னோடு எட்டு வருடமாக வேலை செய்கிறவள் சின்னம்மா. பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் எங்கள் சொந்தப் பெயர்கள் அடையாள அட்டையோடு சரி.

உத்தரவில், காப்பகங்களை மூடலாம் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தண்ணீர், குப்பை என்று வேலைக்குப் போயே தீர வேண்டியவர்களின் பிள்ளைகளுக்காகத் திறந்தும் வைக்கலாம். அப்படித் திறந்தால் இரண்டு பெரியவர்கள் எந்நேரமும் உள்ளே இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. மூடலாம், திறக்கலாம். இதை எழுதியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார். சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவள் நான்.

முப்பத்திரண்டு பிள்ளைகளில் அந்தக் கணக்குக்குள் வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவன் ஆம்புலன்ஸ் டிரைவரின் மகன். எதைக் கேட்டாலும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான் என்பதால் அவனுக்கு ஹார்ன் என்று பெயர். இன்னொருத்தி நர்ஸின் மகள். தூங்கும்போதும் ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்து, யாராவது விட்டுவிட்டுப் போகிறார்களா என்று காவல் காப்பாள். அரைக்கண்ணி. அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கடலில் நின்றுகொண்டிருந்தார். நர்ஸுக்கு மூச்சுக் கருவி வைத்திருக்கிற வார்டில் வேலை. பிள்ளையை விட்டுப் போக வேறு வீடு இல்லை.

நான் திறக்க வேண்டும் என்றேன். சின்னம்மா மூட வேண்டும் என்றாள். அவள் வீட்டுக்காரர் சுவருக்கு வண்ணம் பூசியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மாடிப்படி நாலு ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

“நம்ம வேலையே ஒட்டிக்கிட்டு இருக்கறதுதான்க்கா,” என்றாள். “ஆறடி தள்ளி நின்னு மூக்கு துடைக்க முடியுமா? அழுற பிள்ளைகிட்ட, ரெண்டு வாரம் கழிச்சு வா, தூக்குறேன்னு சொல்ல முடியுமா?”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. நர்ஸ் வீட்டில் உட்கார்ந்தால் அந்த வார்டில் யார் நிற்பது, நீயா நானா என்று கேட்டேன்.

“அவங்க பிள்ளைக்கு நாம இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு யாரு இருக்கா?”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே பூட்டு. ஆறு பேருக்கும் பூட்டு. நான் வாக்குக் கொடுத்தேன். அதைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டியதும் நான்தான். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று பெருமை வேறு.

காலையில் கேட்டில் நிற்பது என் வேலை. நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவியைப் பிடித்து, பிள்ளையை வாங்கி, உடுப்பு மாற்றி உள்ளே அனுப்புவேன். முகக்கவசம் போட்ட எங்களைப் பார்த்து முதல் வாரம் எல்லாம் ஊளையிட்டார்கள். பிறகு எங்கள் கண்ணைப் பார்த்தே சிரிக்கிறோமா முறைக்கிறோமா என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறு பாய்களை ஆறு மூலையில் போடுவோம். கூடத்துக்கு நாலு மூலைதான். மிச்சம் இரண்டு தூங்கும் அறையில். எப்படிப் போட்டாலும் மத்தியானம் பார்த்தால் ஆறு பேரும் ஒரே பாயில் கிடப்பார்கள். அவர்களுக்கு எந்த உத்தரவும் வந்து சேரவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. பதினொரு மணிக் காய்ச்சல் என்போம். பிள்ளைக்கு விடியற்காலையில் உடம்பு சுடும். அம்மாவுக்கு லீவு கிடையாது. காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றிவிட்டு, வேர்த்து உடம்பு குளிர்ந்ததும் எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். கருவியில் ஒன்றும் தெரியாது. பதினொரு மணிக்கு மருந்தின் வேலை முடியும். கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆக வேண்டும்? நாங்கள் போன் போட்டால் ஐயோ, காலையில் நன்றாகத்தானே இருந்தாள் என்பார்கள். நாங்களும் ஆமாம் என்போம். யாரையும் கேவலப்படுத்துவதில்லை. பதினாறு வருடமாக அதைத்தான் நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாவது நாள் காலையில் நர்ஸ் வந்தாள். அரைக்கண்ணி அன்றைக்கு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அம்மா தோளில் கிடந்தாள். கருவி பச்சை காட்டியது. கையில் வாங்கினேன். அவள் தலையை என் கழுத்தில் சாய்த்தபோது, முகக்கவசத்தையும் தாண்டி ஆரஞ்சு வாசனை வந்தது. அந்த மருந்தின் வாசனை எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

நர்ஸைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். சத்து மருந்திலும் ஆரஞ்சு வாசனை உண்டு, பல் முளைக்கிற சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. நான் வாயைத் திறந்தால் பூட்டு. ஆறு வீடு முடங்கும். திறந்தே தீருவேன் என்று ஊரெல்லாம் சொன்ன என் மூக்கும் உடைபடும். பூனை கண்ணை மூடிக்கொண்டது. போய்ட்டு வாங்க என்றேன்.

சின்னம்மாதான் அரைக்கண்ணியை மடியில் வைத்துச் சாப்பாடு ஊட்டினாள். பிள்ளை அவள் முகத்துக்கு நேராக இரண்டு முறை தும்மியது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். குரலில் இருந்தே புரிந்துவிட்டது. கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நூற்று இரண்டு.

மற்ற ஐந்து வீட்டுக்கும் போன் போட்டேன். ஒவ்வொருவராக வந்து, ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும், நாளைக்கு என்ன பண்றது என்று கேட்டுவிட்டுப் போனார். நர்ஸ் கடைசியாக வந்தாள். மூக்கின் மேல் கவசம் அழுத்திய தழும்பு சிவந்திருந்தது. மகளை வாங்கிக்கொண்டு, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே மருந்து கொடுத்ததை ஒப்புக்கொண்டாள்.

சின்னம்மா பிடித்துக்கொண்டாள். நீங்களே நர்ஸு, உங்களுக்கே தெரியாதா என்று ஆரம்பித்து, தன் வீட்டுக்காரரின் நுரையீரல் வரைக்கும் போனாள். நர்ஸ் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினாள்.

“ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா எல்லாருக்கும் பூட்டுன்னு எழுதியிருக்கீங்க. எங்க வார்டுல ஏழு நர்ஸ்ல மூணு பேர் படுத்துட்டாங்க. நான் ஒருத்தி உண்மையைச் சொல்லி, இன்னும் அஞ்சு பேரை வீட்ல உக்கார வைக்கணுமா? எனக்கு வாய் வரலைங்க.”

அதற்குச் சின்னம்மா இன்னும் சத்தமாகத் திட்டினாள். நான் நினைத்தால் அப்படியே விட்டிருக்கலாம். காலையில் நடந்தது எனக்கும் அந்த ஆரஞ்சு வாசனைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் எனக்குச் சேர வேண்டிய திட்டை இன்னொருத்தி தலைகுனிந்து வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அவங்கள விடு,” என்றேன். “காலைல தூக்கும்போதே மருந்து வாசனை வந்துச்சு. எனக்குத் தெரியும்.”

சின்னம்மா திட்டுவதை நிறுத்தினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டு, முற்றத்துக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். பிள்ளையைப் பரிசோதிச்சு முடிவு தெரியும் வரைக்கும் வீட்டுக்கு வரமாட்டேன், என் தங்கச்சியைச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்க, கதவைத் திறந்து வாங்காதீங்க, வாசல்லயே வைக்கச் சொல்லுங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எட்டு வருடத்தில் அவள் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை.

அரைக்கண்ணியின் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள். சின்னம்மா தூங்கும் அறையில் இருந்தாள், நான் கூடத்தில். பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிற மரக்கட்டைகள் முந்நூறுக்கு மேல் இருக்கும். அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி முற்றத்தில் காய வைத்தாள். நான் உதவிக்குப் போனால் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, எனக்கு வந்துவிடுமோ என்றல்ல, அவள் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த முகத்தை ஆயுசுக்கும் எப்படிப் பார்ப்பேன் என்று.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் போன் செய்தாள். அந்த நோய் இல்லை. காதில் சீழ் வைத்ததால் வந்த காய்ச்சல். சொல்லிவிட்டு அவள் அழுதாள், நானும் அழுதேன். சின்னம்மா அழவில்லை.

“இல்லைன்னு வந்தது நம்ம சாமர்த்தியம் இல்லக்கா,” என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். மேசையில் இருந்து காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். காப்பகம் மூடப்படுகிறது என்று எழுதியிருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க உரிமை இல்லை என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

அவள் அதைப் படித்தாள். மடித்தாள். மரக்கட்டைக் கூடைக்கு அடியில் வைத்தாள்.

“ரெண்டு நாளா யோசிச்சேன்க்கா. நான் வீட்டோட உக்காந்துட்டேன்னு வச்சுக்குங்க. கடைக்காரர் வாசல்ல வைக்கற பால் பாக்கெட்டுலயே அவருக்கு வந்துடலாம். வந்தா எங்க கொண்டு போவேன்? அந்த வார்டுக்குத்தான். அங்க யாரும் இல்லைன்னா, நான் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பிரயோஜனம்?”

அதற்காக எல்லாம் பழையபடி என்று நினைக்க வேண்டாம் என்றாள். எல்லோருக்கும் பூட்டு என்று எழுத வைத்தது தன் தப்பு. அப்படி ஒரு பலகை மாட்டினால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். இனி, உண்மை சொல்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் முடிவு வரும் வரை விடுப்பு. அந்தப் பிள்ளையின் இடம் அப்படியே இருக்கும். வேலை செய்கிற இடத்துக்கு நாமே போன் போட்டு, காப்பகம்தான் சேர்க்கவில்லை, ஆள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிகிற வரைக்கும் அவள் இங்கேயே தங்குவாள். இரண்டு நாள் இருந்து பார்த்ததில் முடியும் என்று தெரிந்துவிட்டதாம்.

“இன்னொண்ணு. கேட்ல இனிமே நான் நிப்பேன். உங்களுக்கு வேணாம்னு சொல்ல வராது. எனக்கு வரும்.”

பதினாறு வருடம் நான் நின்ற இடம். கொஞ்சம் வலித்தது. சரி என்றேன். கருவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

அன்று மாலையே ஆறு வீட்டுக்கும் போன் போட்டுப் புது விதியைச் சொன்னோம். மறுநாள் காலையில் கூடத்தில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு பேர் வந்தார்கள், உள்ளே அனுப்பினாள். மூன்றாவதாக ஹார்னின் சத்தம் கேட்டது. அவன் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, பையன் நெற்றிக்கு நேராக அவள் கருவியைப் பிடிப்பதற்கு முன், விடியற்காலையில் கொஞ்சம் சூடாக இருந்தது, மருந்து கொடுத்தேன் என்று சொன்னார்.

“சொன்னதுக்கு நன்றிண்ணே,” என்றாள் சின்னம்மா. “இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க ஆபீஸ் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்.”

அவர் கெஞ்சினார். காலையில் இரண்டு கேஸ் இருக்கிறது, மாற்று ஆள் இல்லை என்றார். அவள் திரும்பவும் அதையே, அதே குரலில் சொன்னாள். பையன் என்னைத் தேடியிருக்க வேண்டும். பெரியம்மா என்று கத்தினான். தெருவே திரும்பிப் பார்க்கிற கத்தல். என் கை தானாகவே கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் மேல் போய்விட்டது. ஒரு எட்டு வைத்தால் அவன் என் இடுப்பில் இருப்பான்.

வண்டி கிளம்புகிற வரைக்கும், கிளம்பித் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சத்தம் வந்தது. நான் தாழ்ப்பாளில் இருந்து கையை எடுத்தேன். பிறகு, ஏற்கெனவே வந்திருந்த இரண்டு பேரையும் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனேன்.