பள்ளத்தில் ஒரு ஆட்டம்

பாங்காக்கில் எங்கள் சந்தில் மழை பிடித்தால் நாங்கள் முதலில் தூக்குவது ஃப்ரிட்ஜைத்தான். என் கணவர் பிச்சித்தும் நானும் அதைக் கட்டில்மேல் ஏற்றுவதில் கைதேர்ந்தவர்கள்.

அதனால், பக்கத்துப் பூங்காவில் பெரிய பள்ளம் தோண்டி, "தெருத் தண்ணி இனிமே இதுக்குள்ளதான் வரும்" என்று பொறியாளர் ரட்சனி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். வெயில் மாதங்களில் அந்தப் பள்ளத்தில் மாலைதோறும் ஏரோபிக்ஸ் ஆடினோம். எங்கள் மாஸ்டர் அனோங் அக்காவுக்கு ரட்சனியைச் சீண்டாமல் தூக்கம் வராது.

"ஏம்மா, தண்ணி எப்ப வரும்? நீச்சல் டிரெஸ் எடுக்கட்டுமா?"

"எடுங்கக்கா. ஸ்பீக்கரை மட்டும் மேல வச்சிருங்க."

அக்கா கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, வானம் கிழிந்தது. மழைதானே என்று ஆடினோம். திடீரென்று சுற்றியிருந்த குழாய் வாய்கள் எல்லாம் குபுகுபுவென்று கக்கின. கணுக்கால் நனைந்தது. யாருடைய செருப்போ என்னைத் தாண்டி மிதந்து போனது.

ரட்சனி குடையோடு ஓடிவந்தாள். "மேல வாங்கக்கா!"

"இரும்மா, பாட்டு முடியட்டும்!"

ஸ்பீக்கர் 'களக்' என்று ஒரு முழுங்கு முழுங்கி அடங்கியது.

"முடிஞ்சிருச்சுக்கா!" என்றாள் ரட்சனி.

ஒருவர் கையை ஒருவர் பிடித்து, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, படியேறினோம். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. பதறி ஓடினேன். சந்தில் குதிகால்கூட முழுகவில்லை! வீட்டுக்குள் பிச்சித் தனி ஆளாக ஃப்ரிட்ஜைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எங்கடி?"

"பார்க்குல."

"அங்க என்ன பண்ணுது?"

"ஆடுது!"

அவரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சந்தே கரையில் நின்று விசிலடித்தது.

அந்தத் தண்ணீர் பள்ளத்தின் ஓரத்து மணலிலும் நாணலிலும் வடிகட்டப்பட்டு, பூமிக்கடியில் இருந்த தொட்டியில் சேர்ந்தது. அடுத்த கோடையில் ஊரெங்கும் புல் கருகியபோது, அதைத்தான் பூங்காவுக்குப் பாய்ச்சினார்கள். முதல்நாள் ரட்சனி மரியாதையாக ஹோஸை அனோங் அக்கா கையில் கொடுத்து, "நீங்களே ஆரம்பிங்கக்கா" என்றாள்.

அக்கா புல்லைப் பார்த்தார். ரட்சனியைப் பார்த்தார். ஹோஸைத் திருப்பினார்.

"ஐயோ அக்கா! ஆபீஸுக்குப் போகணும்!"

"போலாம் போலாம், காஞ்சதும் போலாம்!"

புல்லுக்குத் தண்ணீர் போக அன்று வெகுநேரம் ஆயிற்று.