இரண்டாம் முறை எடுத்த பாடம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கமா டீச்சர். வாக்கியத்தில் ஒரு கமா விட்டுப்போனால் போதும், "மூச்சு விடாமப் படிச்சா செத்துப் போயிடுவடா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒன்பது வருஷம் ஆங்கிலம் எடுத்த பள்ளிக்கூடத்தை ஒரு விடுமுறையில் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். அவள் கணவரும் அங்கேதான் ஆங்கில ஆசிரியர். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரராக இருந்தவர், வீட்டுக்காரர் ஆனார். ஒரே நாளில் இருவருக்கும் வேலை போயிற்று. அதன்பின் அவர் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றார். அவள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து டியூஷன் எடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பள்ளி ஒன்று ஆங்கில ஆசிரியர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. இருந்தது ஒரே இடம். இருவரும் எழுதிப் போட்டார்கள். இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது.

"யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே வீட்டுக்குத்தான வருது" என்றார் அவர்.

"எனக்குக் கிடைச்சா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது, சார்."

"அதை நீங்க ஞாபகம் வெச்சுக்கோங்க, டீச்சர்."

சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிப்பு தொண்டைக்கு மேல் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் டெமோ வகுப்பு எடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டைக்கூடப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் படுத்தவர் அவர். அறிவாளிதான். ஆனால் நாலு பேர் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டெமோ எடுக்க வேண்டியது ஏழாம் வகுப்புக்கு, இருபது நிமிடம், பாடம் அவரவர் விருப்பம். மூன்று நாள் மண்டையைக் குடைந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தெருவில் கிடந்ததாக ஒரு கைப்பை. அதிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுக்க வேண்டியது. பையின் சொந்தக்காரி யார் என்று பிள்ளைகள் ஊகித்துச் சொல்ல வேண்டியது. நிச்சயம் என்றால் 'மஸ்ட் பி', சந்தேகம் என்றால் 'மே பி', வாய்ப்பே இல்லை என்றால் 'கான்ட் பி'. இலக்கணம் என்று சொல்லாமலே இலக்கணம் உள்ளே போய்விடும்.

பஸ் டிக்கெட், ஒரு கால் உடைந்த மூக்குக் கண்ணாடி, நீல மை படிந்த கைக்குட்டை. இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. பார்த்ததும் பிள்ளைகள் துள்ளிக் கை தூக்கும்படி ஒன்று. பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். ஏழு வருஷத்துக்கு முன், அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது வாங்கிய ஒரு ஜோடி மஞ்சள் சாக்ஸ் அங்கே இருந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். போட்டுக்கொள்ள வேண்டிய கால் வந்து சேரவில்லை. அதைப்பற்றி இருவரும் பேசியதும் இல்லை, அதைத் தூக்கிப் போட்டதும் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்தாள். பாடத்துக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை. அவர் பாயில் சம்மணம் போட்டு மாணவனாக உட்கார்ந்தார். டிக்கெட்டைக் காட்டினால், "மிஸ், அவங்க கண்டக்டர் மிஸ்!" என்று கத்தினார். அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. கடைசியாகச் சாக்ஸை எடுத்ததும் அவர் குரல் அடங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்ல பாடம்மா" என்றார். "பிள்ளைங்க மறக்கவே மாட்டாங்க."

"உங்க பாடம் என்னாச்சு?"

"அதான், அந்தக் கடிதம் எழுதறது. பாத்துக்கலாம்."

மறுநாள் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவருக்குப் பத்து மணி, அவளுக்குப் பதினொன்றரை. அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. என்னவென்று கேட்டதற்கு "சர்டிபிகேட்தான்" என்றார். பள்ளி வராந்தாவில் அவர் காலரைச் சரிசெய்து, "நிறுத்தி நிதானமாப் பேசுங்க, கமா போட்டு" என்று அனுப்பிவைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எப்படிங்க போச்சு?"

"பரவாயில்ல." அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்குத் தல வலிக்குது, நான் முன்னாடி போறேன். நீ முடிச்சிட்டு வா."

இதுவும் கெட்டுப்போயிற்று போல என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து அனுப்பினாள்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள். பின்பெஞ்சில் பிரின்சிபால் மேடமும் இரண்டு ஆசிரியர்களும். அவள் கைப்பையை மேசைமேல் வைத்து, தெருவில் கிடந்தது என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கிருந்தோ குபுக்கென்று ஒரு சிரிப்பு. டிக்கெட்டை எடுத்தாள். கேள்வி கேட்பதற்குள் பத்துக் குரல் 'மே பி' என்றது. கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நினைத்தாள்.

அப்போது முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், ரகசியம் கேட்பதுபோல எட்டிப் பார்த்துக் கேட்டாள். "மிஸ், உங்க பையிலயும் பாப்பா சாக்ஸ் இருக்கா?"

அவள் தன் பையின் வாயை விரல்களால் பொத்திக்கொண்டாள்.

"என்ன கலர்ம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"மஞ்சள், மிஸ்."

மீதிப் பதினேழு நிமிடத்தை எப்படி ஒப்பேற்றினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. போர்டில் எதையோ எழுதினாள், அழித்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கை தூக்கவும் இல்லை.

பிரின்சிபால் தன் அறையில் உட்கார வைத்துப் பேசினார். "காலைல வந்தவரும் இதேதான் எடுத்தாரு. ரெண்டு பேரும் ஒரே இடத்துல சுட்டீங்களா?"

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கட்டியவரைத் திருடன் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அது அன்பா, அவமானமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"நாங்க ஒரே ஸ்கூல்ல வேல பாத்தவங்க, மேடம்" என்றாள்.

"அவரு நல்லா எடுத்தாரு" என்றார் பிரின்சிபால்.

வீட்டில் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கேட்டிருந்தா பாடத்த நானே குடுத்திருப்பேனே. டெமோவுக்கே போயிருக்க மாட்டேனே."

"கேக்கத்தான் நெனச்சேன். வாய் வரல. என்னோடத எடுத்தா மறுபடி தோத்துடுவேன்னு பயமா இருந்துச்சு."

"சரி. பீரோவத் திறந்து அந்த இன்னொன்ன எப்படிங்க எடுத்தீங்க?"

அவர் தோள்கள் குலுங்கின. கிட்டப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க, அதப் பாத்து?"

"ஒரு பையன் எந்திரிச்சு, 'ஷி மஸ்ட் பி எ மதர்'னான்."

"நீங்க?"

"வெரி குட்னு சொன்னேன்."

அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக அழாத அழுகை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அப்படி அழுததில்லை. அவரும் எதிர்ச்சுவரில் அழுதார். நடுவில் கிடந்த பாயைத் தாண்டி யாரும் வரவில்லை.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. வேண்டாமென்று எழுதிவிடுகிறேன் என்றார். "வேணாம். போங்க" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சேர வேண்டிய நாள் காலையில் குளித்து, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பத்து வருஷப் பழக்கம், தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

"முதல் நாள் என்ன எடுக்கட்டும், டீச்சர்?"

அவள் டியூஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் அடுத்த நோட்டை எடுத்தாள்.