குட்டி இருந்த இடம்

ஒரே பெரிய கணினிக்குள் தடுப்பு போட்டு, ஏழு கணினி இருப்பதுபோல் ஓட்டலாம், கண்ணுகளா. ஒவ்வொரு தடுப்புக்கும் தனி நினைவகம். பக்கத்துத் தடுப்பு செத்து விழுந்தாலும் இதற்குத் தெரியாது. ஓர் அலுவலகத்தில் தடுப்புகளைக் குடித்தனம் என்பார்கள்; அங்கே ஒரு கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள்.

பிரித்துக் கொடுப்பது மனைவியின் வேலை. திரை முன் உட்கார்ந்து காவல் காப்பது கணவரின் வேலை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். இதை விட்டால் அவரை வேலைக்கு வைக்க ஆளில்லை.

ஏழில் சின்னது குட்டி, சோதனைக்கு மட்டும். திரையில் முதல் வரி அதுதான். வந்ததும் அதை அணைத்து, மறுபடி எழுப்பிவிட்டுத்தான் அவர் தேநீரைத் தொடுவார்.

காவல்காரரின் மனைவியை ஒருநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"ஒரு குடித்தனம் மூச்சுத் திணறுது, பக்கத்துல இருக்கறது நினைவகத்தைச் சும்மா வெச்சுக்கிட்டு தூங்குது. ஏழு வேணுமா, பெருசா ரெண்டு போதுமா? நீங்களே சொல்லுங்க. அடுத்த மாசக் கடைசியிலயும் திணறினா நான் பொறுப்பில்ல."

"ரெண்டாக்கினா காவலுக்கு சார்?"

"ஆளே தேவையில்ல. உங்களுக்காக அவர் இருக்கட்டும். சிக்கலில்லாம ஓடற வரைக்கும்."

வீட்டில் அவள் சொன்னாள். "ரெண்டாக்கினா, ஒண்ணு விழுந்தா பாதி ஆபீசும் விழும்ங்க."

"கல்யாணமான புதுசுல தனிக்குடித்தனம்னு ஒத்தக்கால்ல நின்னவளாச்சே நீ. ஆபீஸ்லயும் அதே பாட்டா?"

"சிரிக்காதீங்க. ஏழா விட்டா திணறும். அப்ப உங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்க."

"அப்ப கூட்டுக்குடித்தனமே வை. மாமியார் இல்லாத கூட்டுக்குடித்தனம், கசக்குதா?"

வைத்தாள். புது இடம் எடுக்காமல், குட்டியை நீக்கிவிட்டு, அது இருந்த முதல் வரியிலேயே பெரிய குடித்தனம் ஒன்றை வைத்தாள். அவர் கண்ணுக்குப் பழகிய இடமாயிற்றே என்றுதான். கண்ணுக்கு மட்டுமா பழகியிருந்தது?

மறுநாள் காலை அவர் உட்கார்ந்தார். கை தானாக முதல் வரிக்குப் போனது. நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. தினமும் கேட்பதுதானே. ஆம் என்றது கை. பாதி அலுவலகம் இருண்டது.

மேலாளர் ஓடி வந்தார். "யார் அணைச்சது?"

கணவர் பள்ளிப்பிள்ளைபோல் கை தூக்கினார்.

"ஏழா இருந்திருந்தா குட்டி மட்டும்தான் சார் போயிருக்கும்," என்றாள் மனைவி.

"ரெண்டு போதும்னது நீங்கதானேம்மா?"

"அந்த வரியை மாத்தாம விட்டதும் நான்தான். என்னை அனுப்புங்க சார்."

"உங்களை அனுப்பிட்டு இதை யார் பார்ப்பா?"

அன்று மாலையே கணவரின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவரைக் காப்பாற்ற எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த நாள் அவள் மட்டும் கிளம்பினாள். சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடி அவர் வாசல்வரை வந்தார்.

"போனதும் குட்டியை எழுப்பிடும்மா, மறந்துடாத."

குட்டி இல்லாமல் போனது அவருக்குத் தெரியாதா என்ன?

"சரிங்க," என்றாள்.