மல்லாத்திய ஹெல்மெட்

உடை வாடகைக்குக்கூட வக்கில்லை என்று மச்சினன் கெஞ்சியதால், டிராஃபிக் இன்ஸ்பெக்டர் தன் பழைய சீருடையையே அவன் எடுத்த படத்துக்குக் கொடுத்தார். "நேர்மையான போலீஸ் கதை மாமா" என்றிருந்தான்.

தியேட்டரில் பார்த்தால், அந்தச் சட்டைக்குள் வில்லன். அவன் லாரிக்காரர்களிடம் கை நீட்டவில்லை. ஹெல்மெட்டை மல்லாத்தி பைக் சீட்டில் வைத்தான், லஞ்சம் தானாக வந்து விழுந்தது. போதையில் மச்சினனிடம் மட்டும் அவர் உளறிய வித்தை அது. பாவி, அப்படியே எடுத்து வைத்திருந்தான்!

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டானே உன் தம்பி" என்று பல்லைக் கடித்தார்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்களும் ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடிச்சுக்கிட்டுதானே நேரா பெட்ரூமுக்குப் போவீங்க? உள்ளே வேர்வைன்னு சொன்னீங்க. பைத்தியக்காரி மாதிரி நானும் தினமும் துடைச்சு வெச்சேன்."